இன்னும் நான்கு மணி ஒரு நிமிடம்

முசிறிக்கு மேற்கே, காவிரிக்கு வடக்கே, வாழைக்கும் கோரைக்கும் நடுவில் இருக்கிற குருவாணிப்பட்டியில், போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பத்தொன்பதுக்கு, எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு விமானம் நின்றது. விழவில்லை, இறங்கவில்லை, புகையவில்லை. கடைத்தெருவில் தெரிந்தவரைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றுகிற மாதிரி நின்றது, அவ்வளவுதான். பெரிய சத்தமெல்லாம் அடங்கிப்போய், ஃபிரிட்ஜ் ஓடுகிற அளவுக்கு ஒரு முனகல் மட்டும் மேலேயிருந்து வந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே என் வீட்டுக்காரர் நல்லேந்திரன் உட்கார்ந்திருந்தார்.

திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கு ஆகாய வழியில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது கிலோமீட்டர், நான்கு மணி பத்து நிமிடம். ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பினால் நம்ம ஊர் மணிக்கு மதியம் ஒன்று ஐம்பதுக்கு இறங்கும். அங்கே அப்போது பன்னிரண்டு இருபதுதான் ஆகியிருக்கும். இதையெல்லாம் நான் ஒரு தாளில் எழுதி, பாப்பாவின் தடுப்பூசி அட்டைக்குப் பக்கத்தில், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். எங்கள் ஊரிலிருந்து திருச்சிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றே முக்கால் மணி. அத்தனை தூரம் கிழக்கே போய் ஏறின மனுசன், ஏறின ஒன்பதாவது நிமிடம் மறுபடியும் எங்கள் வீட்டுக்கு மேலேயே மேற்கே பறந்து போவார். கல்யாணமான புதிதில் நான் கேட்டேன்: "நம்ம வீட்டு மேலேயே போறதுக்கு எதுக்குங்க திருச்சி வரைக்கும் போயிட்டு வரணும்? மொட்டை மாடியிலயே ஏறிக்கக் கூடாதா?"

"ஏணி எட்டாது புள்ள" என்றார்.

விமானம் வழக்கமாகப் போகிற உயரத்தில் நிற்கவில்லை. யாரோ கூப்பிட்டது காதில் சரியாக விழாமல் குனிந்து கேட்கிற மாதிரி, இருபது பனை உயரத்துக்கு இறங்கி, மூக்கை வடமேற்கே ஏரிக்கரைப் பக்கம் வைத்து, வாலை எங்கள் வீட்டுப் பக்கம் காட்டி நின்றது. சன்னல்கள் வரிசையாகத் தெரிந்தன, சோளக்கதிரில் முத்துத் தெரிகிற மாதிரி. பத்து நிமிடத்தில் என் போன் அடித்தது.

"மஞ்சு, நம்ம ஊரு டவர் கெடைக்குது" என்றார்.

"ஏங்க, நிக்குதுங்க!"

"அதான் தெரியுதே. மாடியில தண்ணித் தொட்டி மூடிய யாரு தெறந்து போட்டது? அணில் விழுந்துரும், மூடு."

முன் சீட்டின் முதுகில் ஒரு திரை இருக்கிறதாம், அதில் ‘மீதி 2,890 கிலோமீட்டர், 4 மணி 1 நிமிடம்’ என்று காட்டுகிறதாம், நின்றதிலிருந்து அதையேதான் காட்டுகிறதாம். வெள்ளிக்கிழமை கேட்டேன், நான்கு மணி ஒரு நிமிடம். சனிக்கிழமை கேட்டேன், நான்கு மணி ஒரு நிமிடம். உள்ளே இருக்கிறவர்களுக்கு நேரம் நகரவே இல்லை. பசிக்கவில்லை, தூக்கம் வரவில்லை, தாடி வளரவில்லை, ஏறினதும் கொடுத்த டீ ஆறவில்லை. அவர்களுக்கு அது நீண்டுகொண்டே போகிற ஒரே காலை. கீழே எங்களுக்குத்தான் பொழுது விடிந்து பொழுது போய், மாடு கறந்து, துணி துவைத்து, நாள் ஓடியது.

முதல் மூன்று நாளும் எங்கள் ஊரில் கால் வைக்க இடமில்லை. தொலைக்காட்சிக்காரர்கள் கேமராவோடு வந்து விமானம் ஏதாவது செய்யும் என்று காத்திருந்தார்கள். அது ஒன்றுமே செய்யாததால் நான்காவது நாள் வேறு ஊரில் ஏதோ நடக்கிறது என்று போய்விட்டார்கள். தாசில்தார் வந்தார், அண்ணாந்து பார்த்தார், கீழே இருக்கிற நிலம் பட்டாவா புறம்போக்கா என்று விசாரித்தார், விமானத்தின் இடது இறக்கை பக்கத்து ஊர் எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருப்பதைக் குறித்துக்கொண்டு போனார். விமானக் கம்பெனியிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய இரண்டு பேர் வந்து, தங்கள் போனைத் தட்டிப் பார்த்து, "எங்க கணக்குப்படி இது சரியான நேரத்துலதாங்க போயிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு, எங்கள் ஊராட்சித் தலைவி சின்னப்பொண்ணு வீட்டில் மோர் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகு ஊர் அதோடு வாழப் பழகிவிட்டது. விமானத்தின் நிழல் காலையில் பால் சொசைட்டி மேல் விழுந்தது, உச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் படுத்தது, சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனது; அதனால் கடிகாரம் பார்க்கிற பழக்கம் போய், "நெழலு சொசைட்டிய வுட்டு எறங்கிருச்சு, இன்னும் சோறு வடிக்கலியா?" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். வடகம் காயப்போட்டவர்கள் முறத்தைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தார்கள், வயசான மாடுகள் நிழலுக்குப் பின்னாலேயே நகர்ந்துகொண்டே இருந்தன, நூறு நாள் வேலைக்காரர்கள் வரப்பு வெட்டுகிற இடத்தை நிழல் வரும் பக்கமாக மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஏரியில் இருந்த கொக்குகள் இறக்கை மேல் வரிசையாக உட்கார்ந்தன. ரெண்டு நாளில் அதன் வெள்ளை முதுகு இன்னும் வெள்ளையாகிவிட்டது.

இடப்பக்கம் சன்னலோரம் பதினாலாவது வரிசையில் இருந்த என் வீட்டுக்காரர் ஊருக்கே காவல்காரர் ஆகிப்போனார். யாருக்கு ஆடு காணோம் என்றாலும் என் போனுக்குத்தான் வந்தார்கள். "தெக்க மோட்டார் கொட்டாய்க்குப் பின்னாடி நிக்குது, ரெண்டு குட்டியும் கூடத்தான் இருக்கு" என்று மேலேயிருந்து பதில் வரும். யார் வயலில் தண்ணீர் எவ்வளவு தூரம் பாய்ந்திருக்கிறது, எந்த வாழை குலை சாய்ந்திருக்கிறது, யார் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. வேலி விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். மேலே இருக்கிறவர் மேலேயே இருப்பார், கீழே பதில் சொல்கிறது நான்தானே.

என் மாமியாருக்குத்தான் வாய் அடங்கவில்லை. பாலை ஊற்றிவிட்டு வரும்போதே அண்ணாந்து பார்த்துப் பேசிக்கொண்டு வருவார். "ஊருல இருந்தப்ப ஒரு நாளு இந்த ஓட்டு மேல ஏறிப் பாத்திருக்கானா? இப்பப் பாரு, ஓடு ஒடஞ்சிருக்கு, ஓடு ஒடஞ்சிருக்குன்னு மணிக்கொருக்கா போன் பண்றான்."

"மேல இருந்தாத்தானே அத்தை தெரியும்."

"நீ ஒண்ணு! பொண்டாட்டி மொகத்துல சிரிப்பப் பாரேன். புருசன் ஆகாசத்துல தொங்குறான், இவளுக்கு என்னமோ திருவிழா."

அவர் சொன்னது நிஜம்தான். எனக்குத் திருவிழாதான். ஏனென்றால், எல்லாரும் அது ஏன் நின்றது என்று தெரியாமலே அதன் கீழே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் பக்கத்தில், ஒரு காரியமாகக் கிளம்பினவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. தெரியாமல் கூப்பிட்டுவிட்டால் கிளம்பினவர் அந்த இடத்திலேயே நின்றுவிடணும், கொஞ்சம் உட்காரணும், கூப்பிட்டவர் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கணும், அப்புறம்தான் போகணும். முசிறி சந்தைக்குப் போகிறவருக்கே இதுதான் என்றால் ஷார்ஜாவுக்குப் போகிறவருக்குக் கேட்கணுமா?

அன்றைக்கு விடிகாலை அவர் கிளம்பும்போது பாப்பா என் தாலியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மிதுனாவுக்குப் பதினொரு மாதம். நான் அசைந்தால் விழித்துக்கொள்வாள், விழித்தால் அப்பா கழுத்தைக் கட்டிக்கொள்வாள், கட்டிக்கொண்டால் அப்புறம் பஸ்ஸும் இல்லை, விமானமும் இல்லை. அதனால் அவர் வாசப்படியில் நின்று, உதட்டில் விரலை வைத்து, கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். போயிட்டு வர்றேன் என்று அவரும் சொல்லவில்லை, போயிட்டு வாங்க என்று நானும் சொல்லவில்லை. ஒன்பதே முக்காலுக்கு ஃபிரிட்ஜ் மேலே பார்க்கிறேன், நான் மூன்று நாள் வறுத்து அரைத்த பருப்புப் பொடி, இரண்டு கவர் போட்டுக் கட்டினது, அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது, பஸ்ஸா, ஓடிப்போய்க் கொடுக்க? அதற்குள் விமானம் தலைக்கு மேலே வந்து, தாண்டி, வாலைக் காட்டிக்கொண்டு போகிறது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஏங்க! பொடிய விட்டுட்டுப் போறீங்க!"

நின்றுவிட்டது.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அன்றைக்கே ஊர் கூடி அதற்கு வழி பார்த்திருக்கும். ஆனால் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், சாயங்காலம் ஆனதும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இந்த முறை அவர் வந்து இருந்ததே இருபத்தெட்டு நாள். அதற்கு முன்னால் பாப்பா பிறந்தது, குப்புற விழுந்தது, பல் முளைத்தது எல்லாம் அவருக்கு உள்ளங்கை அகலத் திரையில் பார்த்ததுதான். இப்போது நான் மாடியில் துணி காயப்போடும்போது அவர் மேலேயிருந்து பார்க்கிறார். பதினாலாவது வரிசைச் சன்னலில் ஒரு சிவப்புத் துண்டு ஆடும். பாப்பா அதைப் பார்த்துக் கையைத் தட்டுவாள். இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் இருபது பனை ஆகியிருக்கும்போது எந்தப் பொம்பளை வாயைத் திறப்பாள்? யாருக்கு என்ன நஷ்டம் என்றும் நினைத்துக்கொண்டேன். அவருக்கு அங்கே அவசரமாகப் போய்ச் சேர வேண்டிய வேலையும் இல்லை, சூப்பர்வைசரிடம் சொல்லியாகிவிட்டது.

நஷ்டம் யாருக்கு என்பது பக்கீர் மைதீன் பாயைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அவர் முசிறிக்காரர், சைக்கிள் கடை வைத்திருக்கிறார். விமானம் நின்ற மறுநாளே வந்தவர், மற்ற சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனாலும் தான் போகாமல், எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தினமும் காலையில் வந்து சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஜமீலா பீவி என் வீட்டுக்காரருக்குப் பக்கத்து சீட்டு. அவர்கள் மகள் ரஹ்மத் ஷார்ஜாவில் தலைப்பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டதால் மகள் தாய் வீட்டுக்கு வருவதற்குப் பதிலாகத் தாய் மகள் வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள்.

"அந்தம்மா மடியில ஒரு டப்பா வெச்சிருக்காங்க" என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். "புள்ள பெத்தவளுக்குக் குடுக்குற காய மருந்தாம். மேல வெக்கச் சொன்னா வெக்க மாட்டேங்குறாங்க. புடிச்ச புடியாப் புடிச்சிருக்காங்க."

பாய் அதிகம் பேச மாட்டார். ஏழாவது நாள் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்குத்தான் பாப்பா மாடியில், காயப்போட்ட புடவையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, பிடியை விட்டு, ஒன்று, இரண்டு, மூன்று அடி நடந்து பொத்தென்று உட்கார்ந்தாள். என் காதில் இருந்த போனில் அவர் கத்தின கத்தலில் நானே போனைத் தள்ளிப் பிடித்தேன். விமானத்துக்குள் இருந்தவர்கள் எல்லாரும் இடது பக்கச் சன்னலுக்கு வந்து பார்த்ததில் விமானமே லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. கொக்குகள் ஒரு தரம் எழுந்து உட்கார்ந்தன. கீழே நின்றவர்கள் கை தட்டினார்கள். பாய் என்னிடம், "எங்க ரஹ்மத்து பதிமூணு மாசத்துலதாம்மா நடந்துச்சு. அவ அம்மாவ வுட்டு எறங்கவே எறங்காது" என்றார்.

அன்று என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

பத்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள், நிழல் இன்னும் சொசைட்டியை விட்டு இறங்காத நேரத்தில், பாய் போனைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். மருமகன் பேசியிருக்கிறார். ரஹ்மத்துக்கு இடுப்பு வலி ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்றால், அம்மா வராமல் கார் ஏற மாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாம்.

பாய் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார்: "அம்மாடிகளா, அன்னைக்கு யாராச்சும் வாய் தவறி, பின்னாடி இருந்து எதாச்சும் கூப்பிட்டீங்களா? எங்க வூட்டுலயும் அந்தப் பழக்கம் உண்டு, அதான் கேக்குறேன். கூப்பிட்டிருந்தா சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"நான்தான் பாய்" என்றேன்.

தெரு முழுக்க என்னைப் பார்த்தது. மாமியார் கையில் இருந்த பால் கேனைக் கீழே வைத்தார். "அடி பாவி! எதுக்குடி கூப்பிட்ட?"

"பருப்புப் பொடிய வுட்டுட்டுப் போயிட்டாரு அத்தை."

"பருப்புப் பொடிக்கா ஒரு ஏரோப்ளேன நிறுத்துவ?"

ஒருத்தி சிரித்துவிட்டாள், அப்புறம் நாலு பேர் சிரித்தார்கள், பாய் மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை, "சரிம்மா, இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை அறைந்த மாதிரி இருந்தது.

என்ன செய்யணும் என்பது எல்லாருக்கும் தெரியும். உட்காரணும், அதற்குக் குறையில்லை, எல்லாரும் பெல்ட் போட்டு உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். என் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கணும். அதை எப்படி மேலே அனுப்புவது? தலைவி சின்னப்பொண்ணு உடனே தொட்டியத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற சுதாகரனுக்குப் போன் போட்டார். அவர் ட்ரோனை எடுத்துக்கொண்டு அரை மணியில் வந்தார், ஆனால் அது சொம்பைத் தூக்கவில்லை, டம்ளரையும் தூக்கவில்லை. கடைசியில் நான் பாப்பாவுக்கு மருந்து ஊற்றுகிற பாலாடையை எடுத்து வந்தேன். மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணத்தில் எங்கள் குடத்துத் தண்ணீரை ஊற்றி, நூலால் கட்டித் தொங்கவிட்டோம். பொடியையும் சேர்த்துக் கட்டலாமா என்று கேட்டேன். சுதாகரன் என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி கேட்கவில்லை.

விமானத்துக்கு வாய் எது என்று அப்போது ஒரு சண்டை வந்தது. காற்றை உறிஞ்சுகிறதால் இறக்கைக்குக் கீழே இருக்கிற இரண்டு குழாயும்தான் வாய் என்றார்கள் சிலர். "ரெண்டு வாயி யாருக்குடி இருக்கு? மூக்குக்குக் கீழதான் வாயி இருக்கும், மாட்டப் பாத்ததில்லையா?" என்று மாமியார் ஒரே போடாகப் போட்டார். ட்ரோன் மேலே போனது, கொக்குகளைத் தாண்டிப் போனது, மூக்குக்குக் கீழே போய் ஒரு ஆட்டு ஆட்டியது. நாலு சொட்டு வெயிலில் மின்னின. விமானம் தண்ணீர் பட்ட கன்றுக்குட்டி மாதிரி தோலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது.

போன் அடித்தது. "மஞ்சு! ஒரு நிமிஷம் கொறஞ்சிருச்சு! நாலு மணின்னு காட்டுது!"

ஊர் ஓவென்று கத்தியது. ஆனால் நாலு மணி நாலு மணியாகவே நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தோம், பத்து நிமிடம் பார்த்தோம். தண்ணீர் பற்றவில்லை, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாம் என்றார் தலைவி. பாய் மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் போனை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனேன்.

"ஏங்க, உக்காந்தாச்சு, தண்ணியும் குடிச்சாச்சு. இன்னும் என்னங்க?"

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கூப்பிட்டது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எப்படி?"

"பொடின்னு கேட்டுச்சே. ஊருல வேற எவ எனக்குப் பொடி குடுக்கப் போறா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, சிரித்து முடிக்கும்போது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் அந்தப் பக்கமும் கேட்டது. "பாப்பா நடக்குறதப் பாத்துட்டுச் சொல்லுவோம்னு நெனச்சேன் மஞ்சு. பாத்தாச்சு. இந்தம்மா டப்பாவப் புடிச்சிருக்குற கைய இதுக்கு மேல என்னால பாக்க முடியல. நீ இன்னும் என்னையப் போயிட்டு வாங்கன்னு சொல்லவே இல்லியே புள்ள."

"இப்பச் சொல்றேங்க. போயிட்டு…"

"ஏ, இரு இரு! வாலுக்குப் பின்னாடி நின்னு சொல்லாத, மறுபடியும் கூப்பிட்ட மாதிரி ஆயிரும். முன்னாடி வந்து சொல்லு."

நான் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். மாமியார் பின்னாலேயே ஓடி வந்தார். கூப்பிடவில்லை, ஓடித்தான் வந்தார், வந்து என் வழியை மறித்து நின்று, "எதுத்தாப்புல போறவ வெறுங்கையோடவா போவ? நெறகுடம் எடு" என்று, குழாயடியில் நிரம்பிக்கொண்டிருந்த குடத்தைத் தூக்கி என் இன்னொரு இடுப்பில் வைத்தார். அதைப் பார்த்துச் சின்னப்பொண்ணு ஒரு குடம் எடுத்தார், அடுத்த வீட்டுக்காரி எடுத்தாள், பச்சை, சிவப்பு, ஊதா என்று இருந்த அத்தனை பிளாஸ்டிக் குடமும், ஒரு பித்தளைக் குடமும், தளும்பத் தளும்ப நிறைந்து கிளம்பின. கோரைக் காட்டைத் தாண்டி, ஏரிக்கரை ஏறி, விமானத்தின் மூக்குக்கு அந்தப் பக்கம் போய், திரும்பி, அதற்கு எதிராக நாங்கள் நடந்து வந்தோம். முப்பது பெண்களாவது இருப்போம். குடத்தில் தண்ணீர் தளும்புகிற சத்தம் மட்டும்தான்.

அத்தனை நாள் வாலை மட்டும் பார்த்திருந்த எனக்கு அப்போதுதான் அதன் முகம் தெரிந்தது. நல்ல முகம். கொஞ்சம் சோர்ந்துபோன, கிளம்பணும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற முகம். பாப்பாவை உயரத் தூக்கினேன். அவள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கையை மூடி மூடித் திறந்து டாட்டா காட்டினாள்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

கத்தவில்லை. வாசப்படியில் நிற்கிறவரிடம் சொல்கிற அளவுக்குத்தான் சொன்னேன். விமானம் முனகலை விட்டுப் பெருமூச்சு விட்டது, கொக்குகள் ஒன்றாகக் கிளம்பின, பத்து நாள் தூங்கின சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தது. நிழல் கோரைக் காட்டில் வழுக்கிக்கொண்டு வந்து எங்கள் மேல் ஏறிப் போனது. முப்பது குடத்துத் தண்ணீரும் ஒரு நிமிடம் கறுத்து, மறுபடி வெளுத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வாய் தவறி ஏதாவது வந்துவிடப் போகிறதே என்று ஆளுக்கொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அப்படியே ஊரைப் பார்க்க நடந்தோம்.

மணி அப்போது பத்து இருபது. நான்கு மணி நேரம் என்றால் இரண்டு இருபது. பாய் எங்கள் வீட்டுக்குள்ளே வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார், அப்புறம் உட்கார்ந்தார், அப்புறம் எழுந்து மறுபடி படித்தார். சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு இருபத்திரண்டுக்கு என் போன் அடித்தது. இறங்கியாகிவிட்டது. டீ ஆறிப்போனது என்றார் முதலில். அந்தம்மா பெட்டிக்குக்கூட நிற்காமல் டப்பாவோடு ஓடினதையும், தான் பின்னாலேயே ஓடிப்போய் டாக்சி பிடித்துக் கொடுத்ததையும் அப்புறம் சொன்னார்.

"கூப்பிட்டீங்களா பின்னாடி இருந்து?"

"நான் என்ன உன்ன மாதிரியா? முன்னாடி ஓடிப் போயில்ல நிறுத்தினேன்."

நிழல் இல்லாமல் நேரம் பார்க்கத் தெரியாமல் ஊரே தடுமாறின அந்தச் சாயங்காலம், ஐந்து மணி வாக்கில், பாயின் போன் அடித்தது. அம்மா போய்க் கையைப் பிடித்த பிறகுதான் ரஹ்மத் கார் ஏறியிருக்கிறாள். பேரன். மூன்று கிலோ. பாய் போனை வைத்துவிட்டு, பத்து நாளில் முதல் தடவையாக, "தண்ணி குடும்மா" என்று என்னிடம் கேட்டு, செம்போடு வாங்கி, நின்றபடி குடிக்கப் போனவர் சட்டென்று உட்கார்ந்து குடித்தார்.

விமானக் கம்பெனியிலிருந்து என் வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி வந்ததாம்: திருச்சி–ஷார்ஜா, பயண நேரம் நான்கு மணி பத்து நிமிடம், தாமதம் இல்லை, எங்களோடு பறந்ததற்கு நன்றி. பருப்புப் பொடி அடுத்த வாரம் தொட்டியத்துக்காரர் ஒருவர் பெட்டியில் போய்ச் சேர்ந்தது. அவர் கிளம்பும்போது எதையாவது விட்டுவிட்டாரா என்று அவர் பெட்டியை எங்கள் ஊர்ப் பெண்கள் ஏழு பேர் சோதித்த பிறகுதான் பஸ் ஏற விட்டோம்.

இப்போதும் வியாழக்கிழமை ஒன்பது நாற்பத்தொன்பது என்றால் எங்கள் ஊரில் சத்தம் இருக்காது. மீன்காரர் கூவுகிறதை நிறுத்திவிட்டு சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். டீச்சர் வருகைப் பதிவேட்டை மூடி வைப்பார். மிதுனா இப்போது நடக்கவில்லை, ஓடுகிறாள். பறக்கிற எதைப் பார்த்தாலும், அது கொக்காக இருந்தாலும், "அப்பா" என்கிறாள். அந்த இரண்டு நிமிடம் மட்டும் நான் அவள் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்து வைப்பேன்.

ஃபிரிட்ஜ் கதவில் இப்போது இன்னொரு தாளும் இருக்கிறது. ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு, அதே இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது கிலோமீட்டர். அடுத்த வருசம் ஐப்பசியில் வருகிறேன் என்றிருக்கிறார். வரும்போது விமானத்தின் முகம் எங்கள் பக்கம்தான் இருக்கும். அன்றைக்கு நானும் பாப்பாவும் மாடியில் நின்று தொண்டை கிழியக் கூப்பிடப் போகிறோம், எதிரே நின்று கூப்பிடுவதில் ஒரு தப்பும் இல்லை, மாமியாரே சொல்லிவிட்டார். ஒருவேளை நின்றுவிட்டாலும் நிற்கட்டும். முசிறியில் சொல்லி வைத்து, இருக்கிறதிலேயே நீளமான ஏணி ஒன்று வாங்கிச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன்.